குடும்பப் பெயரும் குடும்பக் கதையும்

தமிழ் நாவலில் வருகிற கதாநாயகனுக்குத் தகப்பனார் உண்டு. கதைக்கு வேண்டியிருந்தால் பாட்டனாரும் உண்டு. பாட்டனாருக்கு அப்பால் போக வேண்டுமென்றால் மட்டும் நம் நாவலாசிரியர் ஒரே தாவலாகத் தாவிச் சோழன் அரண்மனையிலோ பல்லவன் சிற்பக் கூடத்திலோ போய் இறங்கிவிடுகிறார். நடுவிலே இருக்கும் நானூறு ஐந்நூறு வருஷங்கள் யாருக்கும் வேண்டாத புறம்போக்காகவே கிடக்கின்றன. அந்த வருஷங்களில்தான் நம்மில் பலருடைய முன்னோர்கள் ஊர் விட்டு ஊர் வந்தார்கள், கடல் கடந்து போனார்கள், பெயர் மாறினார்கள், திரும்பி வந்தார்கள், அல்லது வராமலே போனார்கள். ராஜ பரம்பரையை எழுத நமக்கு ஆள் பஞ்சம் இல்லை. குடும்பப் பரம்பரையை எழுதத்தான் பஞ்சம்.

ஜெர்மன் ஆசிரியர் தாமஸ் மன் 1901ஆம் வருஷம் 'புடன்புரூக்' என்ற நாவலை வெளியிட்டார். ஒரு துறைமுகப் பட்டினத்துத் தானிய வியாபாரக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை அது. அந்தக் குடும்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. யார் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் இறந்தார் என்று தலைமுறை தலைமுறையாக அதில் எழுதி வைத்திருப்பார்கள். கடைசித் தலைமுறைச் சிறுவன் ஹன்னோ ஒரு நாள் அதைத் திறந்து, தன் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு கிழித்துவிடுகிறான். தகப்பனார் அதட்டிக் கேட்கும்போது, இனிமேல் ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்கிறான். நாவல் முழுவதும் அந்த ஒரு கோட்டில் அடங்கியிருக்கிறது.

இதைப் படித்த தமிழ் எழுத்தாளனுக்கு இயல்பாகவே ஒரு பொறாமை உண்டாகும். எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இருந்தது, எழுதிவிட்டார். நம் ஊரில் ஏது? ஜோசியர் எழுதிய ஜாதகக் கட்டும், பத்திரப் பதிவு ஆபீசில் கிடக்கும் பாகப் பிரிவினையும் தவிர ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பற்றி எங்கே என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலே ஓரளவு பதில் சொல்லக்கூடிய கரை ஒன்று உண்டு. அது தூத்துக்குடியை நடுவில் வைத்து வடக்கே வேம்பாறும் தெற்கே மணப்பாடு உவரியுமாக நீளும் முத்துக்குளித்துறை.

அங்கே போய் ஒருவர் பெயரைக் கேட்டால் பர்னாந்து என்பார், மோத்தா என்பார், ரொட்ரிகோ, கோமஸ், வாஸ், மிராந்தா என்பார். வெளியூர்க்காரருக்கு உடனே ஒரு எண்ணம் தோன்றும்: இவர்கள் போர்த்துக்கல்லிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகளோ? இல்லை. சரித்திரம் வேறு விதமாகப் போகிறது. 1530களில் முத்துச் சலாபத்தின் பேரில் எழுந்த தகராறில், பரதவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் துணையைக் கேட்டார்கள். துணையோடு ஞானஸ்நானமும் வந்தது. சில வருஷங்களுக்குள் கரை முழுவதும் மதம் மாறியது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது அவர் கண்டது, பெயர் மாறியும் ஜெபம் இன்னும் மனப்பாடம் ஆகாத ஒரு ஜனத்தை. ஞானஸ்நானத்தின்போது ஞானத் தந்தையாக நின்ற போர்த்துக்கீசியன் தன் பெயரைக் கொடுத்தான். அந்தப் பெயர் குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது.

ஆக, பர்னாந்து என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் நாம் போய்ச் சேருகிற இடம் மூதாதை அல்ல; மூதாதைக்குப் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது நின்றுவிட்டுக் கப்பலேறிப் போன ஒரு மனிதன்தான். குடும்ப வரலாறு தேடுகிறவர்களும், அதை நாவலாக்க நினைப்பவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. பெயர் வேறு, வழி வேறு. இரவல் பெயர்தானே என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. ஏறத்தாழ ஐந்நூறு வருஷம் ஒரு பெயரைச் சுமந்தவனுக்கு அது சொந்தப் பெயராகத்தான் ஆகிவிடுகிறது. இரவலாக வந்தது சொந்தமான விதந்தான் கதை. அதை எழுதாமல் பெயரின் பவிசை மட்டும் எழுதுகிறவர் பாதிக் கதையைத் தொலைத்துவிடுகிறார்.

பெயரில் மயங்குவது ஒரு விதமென்றால், பழம்பெருமையில் மயங்குவது இன்னொரு விதம். 1837இல் இலங்கைக் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி, பரதவரின் தோற்றத்தையும் சரித்திரத்தையும் பற்றி லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் 'தமிழ்ப் புளூட்டார்க்' என்ற புலவர் சரித்திரத்தை எழுதியவரும் இவர்தான். அவரே இந்தியாவிலிருந்து இலங்கை போய்க் குடியேறிய சமூகத்தில் பிறந்தவர். வந்தேறிய குடும்பத்துப் பிள்ளைதான் மற்றொருவரின் பூர்வோத்தரத்தைக் கேட்டு எழுதினார் என்பது கவனிக்கத் தக்கது. அயோத்தி என்றும் யமுனைக் கரை என்றும் போகிற பரம்பரைக் கதைகளை அவர் பதிந்து வைத்தார். பாண்டிய வம்சம் என்று சொல்லும் பேச்சும் கரையில் உண்டு. இவையெல்லாம் பொய் என்று சிரிக்க வேண்டியதில்லை. ஒரு ஜனம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. ஆனால் அந்த ஆசையை அப்படியே வாங்கி நாவலுக்கு முன்னுரையாக ஒட்டிவிட்டால் கதை ராஜாவிலிருந்து கீழே இறங்கி வருவதாகவே அமையும். அப்புறம் வல்லம் இழுக்கிறவனும் வலை பின்னுகிறவனும் கௌரவம் குறைந்த வாரிசுகளாகத்தான் தெரிவார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது கோயில் பதிவேடு. 1563இல் முடிவுற்ற திரெந்துச் சங்கம், பங்குதோறும் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் புத்தகம் வைக்க வேண்டுமென்று விதித்தது. குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத் தந்தை, ஞானத் தாய் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கலியாணமென்றால் எந்த ஊர்ப் பெண், எந்த ஊர் மாப்பிள்ளை, நெருங்கிய சொந்தமென்றால் அதற்கு வாங்கிய விலக்கு எல்லாம் வரும். இந்தக் கரையின் புத்தகங்களுக்கு நேர்ந்த கதியும் ஒரு கதைதான். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள்; கோயில்களைப் பறித்தார்கள்; ஜனங்கள் மதத்தை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவைப் பார்த்து நின்ற குருக்களுக்கும் ரோமாபுரி நேரே அனுப்பிய குருக்களுக்கும் இடையே கோயில் யாருக்கு என்ற வழக்கு. 1923இல்தான் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இத்தனை கைமாறலுக்கும் தப்பி நிற்கும் ஏடுகளில்தான் ஒரு குடும்பம் தன்னைத் தேட வேண்டும்.

இன்னொன்று. 1586இல் அண்டிரிக் அடிகளார் 'அடியார் வரலாறு' என்னும் புத்தகத்தைத் தமிழில் அச்சிட்டது இந்தக் கரையிலே, புன்னைக்காயலிலே. புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் அச்சில் படிக்கும் பாக்கியம் தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் வாய்க்காத காலத்தில் இவர்களுக்கு வாய்த்தது. தங்கள் சொந்த வாழ்க்கையை அச்சில் பார்க்கவோ அதற்குப் பின் நானூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்டக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1977இல் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வந்தது. மணப்பாட்டுக் கரையில் நடக்கும் சின்ன நாவல். குரூஸ் மிக்கேல் வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமென்கிறான் மகன்; மிக்கேலுக்கோ வல்லமும் கடலும்தான் உயிர். மகள் பிலோமியின் துயரம் அதனூடே ஓடுகிறது. வெளியூர் போனவர்களின் வரலாற்றுக்கு இது நேர்ச் சாட்சி அல்ல என்று தோன்றலாம். ஆனால் போகிறவனைப் புரிந்துகொள்ளப் போக மறுத்தவனையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவன் கப்பலேறுவதென்றால் இன்னொருவன் வீட்டைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கிறான் என்று அர்த்தம். ஆசிரியர் அந்த நிற்பவனை மிகையில்லாமல் எழுதியிருக்கிறார்.

பிறகு ஜோ டி குரூஸ். கடற்கரையிலே பிறந்து, கப்பல் தொழிலிலே வேலை பார்த்தவர். 2004இல் 'ஆழி சூழ் உலகு', 2009இல் 'கொற்கை'. பின்னதற்கு 2013இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. முதல் நாவலில் உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு கடலில் மிதக்கும் சிலருடைய நினைவோடு ஒரு கிராமத்தின் மூன்று தலைமுறை விரிகிறது. வம்ச கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைப்பது அரிது. கரையில் வசதியாக உட்கார்ந்து பாட்டன் பெருமை பேசுகிறவனுடைய நினைவு வேறு. இன்னும் எத்தனை நாழிகை உயிர் இருக்குமென்று தெரியாதவனுடைய நினைவு வேறு. அவன் பொய் சொல்லப் போவதில்லை. கடற்புரத்துப் பேச்சு வழக்கைக் குறைக்காமல் கொடுத்ததும் ஆசிரியரின் துணிவு. அகராதி தேட வேண்டியிருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள், சம்ஸ்கிருதப் பதங்கள் நிறைந்த நாவல்களை இத்தனை வருஷம் எப்படிப் படித்தார்கள் என்று கேட்கலாம்.

'கொற்கை' வேறு ரகம். 1914 முதல் 2000 வரை, ஆயிரம் பக்கங்களுக்கு மேல், ஒரு பட்டினத்தின் கதை. பாய்மரத் தோணி கொழும்புக்குப் போய் வந்த காலம். தோணி முதலாளி, தண்டல், சரக்கு ஏற்றுகிறவன், தரகன், பங்குச் சாமியார் எல்லோரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வாழ்ந்த காலம். 1974இல் பெரிய துறைமுகம் திறந்தது. முன்பு கையில் தொழில் வைத்திருந்த குடும்பங்கள் சரிவதும், வேறு சமூகத்தவர் ஏறுவதும் நாவலின் முதுகெலும்பு. இதில் ஒரு பெரிய உண்மையை ஆசிரியர் பிடித்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் வரலாற்றை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேடினால் கிடைக்காது. தோணியை விற்றவன் கதையின் மறுபாதி வாங்கினவன் வீட்டில் இருக்கிறது. சம்பளம் வாங்கினவன் வீட்டில் சம்பளம் கொடுத்தவன் கதை இருக்கிறது. இந்த விஷயத்தில் நம் நாவல்களில் 'கொற்கை'க்கு ஈடாகச் சொல்ல அதிகமில்லை.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. பட்டினம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டுமென்ற ஆவலில் பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று வாசகன் தனிக் காகிதத்தில் குறித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. வருஷம் நகருகிறது, அதற்குள் இருப்பவர்கள் நகருவதற்கு நேரம் இல்லை. பிறந்தார், மணந்தார், நொடித்தார், இறந்தார் என்று கோயில் பதிவேட்டின் வேகத்திலேயே பல வாழ்க்கைகள் முடிந்துவிடுகின்றன. பதிவேட்டில் இல்லாததைத் தருவதுதான் நாவலின் வேலை. தாமஸ் மன்னின் நாவலில் நோட்டுப் புத்தகம் ஒரு சாமான்; அதுவே நாவல் அல்ல. 'கொற்கை'யில் சில இடங்களில் நோட்டுப் புத்தகமே நாவலாகிவிடுகிறது. ஒரு ஜனத்தின் கதையை முதல் முதலாக எழுதுகிறவனுக்கு எதையும் விட்டுவிட மனம் வராது. அந்த மனத்தை மதிக்கிறேன். ஆனாலும் நூறு குடும்பங்களில் ஐந்தைத் தேர்ந்து நின்றிருந்தால் மற்றத் தொண்ணூற்றைந்தும் நமக்கு விளங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

இன்னொரு குறை இந்த நாவல்களுடையது மட்டுமல்ல. நம் இலக்கியத்தின் பொதுக் குறை. தோணி கொழும்பு போகிறது. கதை பெரும்பாலும் தூத்துக்குடியிலேயே தங்கிவிடுகிறது. அக்கரையில் இறங்கினவன் என்ன ஆனான்? தூத்துக்குடிக் கரையிலிருந்து போன பரதவர்கள் கொழும்பில் ஜவுளிக் கடை வைத்தார்கள், நீர்கொழும்பில் குடியமர்ந்தார்கள். ஐ. எக்ஸ். பெரேரா இலங்கைச் சட்டசபையில் இந்தியர்களுக்காக உட்கார்ந்தார். போனவர்களின் பேரப் பிள்ளைகளில் சிங்களமே வீட்டு மொழியாகிவிட்டவர்கள் உண்டு. பர்னாந்து என்ற பெயர் சிங்களவரிடமும் இருப்பதால் அந்தப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 2001ஆம் வருஷத்து இலங்கைக் குடிக்கணக்கில் 'பரதர்' என்று தனி இனமாகவே எழுதினார்கள். இக்கரையில் ஜாதிப் பெயராக இருந்தது அக்கரையில் இனப் பெயராக மாறியிருக்கிறது! இதைவிட நல்ல நாவல் விஷயம் யாருக்கு வேண்டும்? ஆனாலும் அதை முழுமையாக எடுத்துக்கொண்ட தமிழ் நாவல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இதுவரை சொன்னது முதலோடு போனவர்கள் கதை. அதே தூத்துக்குடியிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் இவர்களைப் போலப் பல மடங்கு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை சென்னை ரயில் தூத்துக்குடியில் வந்து நிற்கும். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தட்டப்பாறை முகாமில் வைத்து நோய் பார்த்து அனுப்பினார்கள். 1917இலிருந்து அந்த முகாம் மண்டபத்துக்குப் போயிற்று. கழுத்தில் தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லை. கங்காணியின் துண்டுச் சீட்டில் கடன் கணக்கு. பரதவருக்குக் கோயில் புத்தகமாவது இருந்தது; இவர்களுக்கு இருந்த ஆவணம் தகரமும் கடனும்தான். தகரம் எந்தத் தோட்டம் என்று சொல்லும். எந்த ஊர், யார் மகன் என்று சொல்லாது.

பிற்காலத்தில் சர்க்கார் கேட்டதோ அதைத்தான். 1948இல் சுதந்திர இலங்கை போட்ட பிரஜா உரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனே ஆனாலும், அவன் தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்த பூட்டனுக்குச் சர்டிபிகேட் யார் கொடுத்தார்கள்? மற்றவர்களுக்கு வம்சாவளி ஒரு பொழுதுபோக்கு. இவர்களுக்கு அது நாடு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று நிறுத்தி வைத்தது. அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரிக்க 1974 வரை ஆயிற்று. எஞ்சியவர்களின் உரிமைக்கு இலங்கை 2003இல் கூட ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பூட்டனைக் காட்ட முடியாததற்கு ஒரு ஜனம் கொடுத்த விலை இது.

இந்த ஜனத்தைப் பற்றி இலக்கியத்தில் பேசுவோமானால் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யிலிருந்துதான் தொடங்க வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் போன மருதியையும், அவள் மகள் வெள்ளைச்சியையும் 1930களிலேயே அவர் எழுதிவிட்டார். பிறகு 1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தோட்டத்து வாழ்வை நாவலின் விரிவில் காட்டியது. கலையென்று பார்த்தால் இரண்டும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. புதுமைப்பித்தன் நாலு வாக்கியத்தில் காட்டுவதைக் கோகிலம் சுப்பையா நாலு பக்கத்தில் எடுத்துச் சொல்கிறார். ஆனால் இரண்டும் ஒரு விஷயத்தில் சரியான வழியைப் பிடித்திருக்கின்றன. இரண்டும் பெண்ணைப் பின்தொடர்கின்றன.

இந்த இடத்தைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். ஞானத் தந்தை கொடுத்த பெயர் ஆண் வழியே வந்தது. 1948ஆம் வருஷத்துச் சட்டம் கேட்டது ஆண் வழி. பாண்டியனிடமிருந்து வந்தோம் என்ற பேச்சும் ஆண் வழியே. ஆண் வழியில் தேடினால் ஒன்று இரவல் பெயரில் போய் முட்டுகிறோம், அல்லது சர்டிபிகேட் இல்லை என்ற சுவரில் முட்டுகிறோம், அல்லது ராஜ சபையில் போய் விழுகிறோம். வாழ்ந்த வாழ்க்கை தாய் வழியில்தான் கிடைக்கிறது. மணப்பாட்டுப் பெண் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். கணவன் கொழும்பில் கடை வைத்திருக்க, வருஷத்துக்கு ஒரு தரம் பனிமய மாதா திருவிழாவுக்கு அவன் வருவானென்று இங்கே பிள்ளைகளை வளர்க்கிறாள். எந்தப் பிள்ளைக்கு யார் ஞானத் தாய், எந்தக் கலியாணத்துக்கு எந்த நகை விற்றது, அக்கரையில் அவருக்கு வேறு குடும்பம் உண்டா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரின் கீழே எழுதப்படாமல் இருப்பதெல்லாம் நாவல்.

அந்த நாவல் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். ஜோ டி குரூஸ் பட்டினத்தின் பெரிய வாசலைத் திறந்துவிட்டார். இனி வருகிறவர் ஒரு வீட்டின் அடுக்களைக்குள் போனால் போதும். வீட்டில் எண்பது வயதுக் கிழவி யாராவது இருந்தால், நாம் யார் வம்சம் என்று அவளிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அவளும் பாண்டியனைத்தான் சொல்வாள். உன்னைப் பெற்றவள் எந்த ஊரில் பிறந்தாள், கப்பல் கூலி யார் கொடுத்தார், போனவர்களில் யார் கடிதம் போடுவதை நிறுத்தினார் என்று கேட்டுப் பார்க்கட்டும். அவள் சொல்லத் தொடங்கினால் எழுதுகிறவருக்குக் காகிதம் போதாது.